தங்கத்தை நீலமாக்கிய உப்பு: இரண்டு தடவை கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விடை

கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுச் செய்த அந்தப் பட்டிப் பரிசோதனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு கோடா, இரண்டு கோடா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம். பெரும்பாலான பட்டிகளில் அந்தச் சிவப்புக் கோடு சாயம் இல்லை. அது தங்கம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டியிலும் அனேகமாக அப்படித்தான். ஒரு மில்லிமீற்றரை இருபத்தையாயிரமாகப் பிரித்தால் வருகிற அளவில், அதாவது 40 நானோமீற்றர் அளவில் உள்ள தங்கத் துணிக்கைகள் ஓரிடத்தில் வந்து பிடிபடும்போது எங்கள் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகின்றன.

நகைக்கடையில் மஞ்சளாக இருக்கும் தங்கம், தண்ணீருக்குள் இந்த அளவுக்குச் சிறிதாகப் பிரிந்து மிதந்தால் மாதுளஞ்சாறு மாதிரிச் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புத் தண்ணீருக்குள் சாதாரண கறியுப்பைப் போட்டுப் பாருங்கள். ஊதாவாகி, நீலமாகி, கொஞ்ச நேரத்தில் கறுத்த மண்டியாக அடியில் படிந்துவிடும். உப்பு தங்கத்தைக் கரைக்கவில்லை. அதோடு சேர்ந்து புதிய சேர்வை எதையும் உண்டாக்கவுமில்லை. தனித்தனியே மிதந்த துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

ஆனால் விசித்திரம் நிறத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. கொஞ்சம் உப்புப் போட்டால் ஒன்றுமே நடக்காது. இன்னும் கொஞ்சம் போட்டாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். பிறகு ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும், சொல்லிவைத்த மாதிரி எல்லாம் சரிந்துவிடும். பாதி உப்புக்குப் பாதிச் சரிவு என்ற கணக்கு இங்கே செல்லாது. சேற்றுத் தண்ணீர், இறப்பர்ப் பால், மை, பெயின்ற் என்று நுண்துணிக்கைகள் மிதக்கிற எந்தத் திரவத்திலும் இந்தக் குணத்தை ஏதோ ஒரு வடிவில் காணலாம்.

ஏன் இப்படி ஒரு வாசல் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை வர, 1857 இல் இருந்து எண்ணினால் கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடங்கள் எடுத்தன. வந்தபோது அது ஒரு தடவை வரவில்லை. போரால் அடைபட்ட இரண்டு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சோடி மனிதர்கள் அதே விடையைத் தனித்தனியே எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் இது நாலு எழுத்துப் பெயராகச் சுருங்கிப்போய்க் கிடக்கிறது. அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் உள்ள கதையைத்தான் இங்கே எழுத நினைத்தோம்.

பரடேயின் சிவப்புப் போத்தல்கள்

மைக்கேல் பரடேயைக் காந்தத்தோடும் மின்னோடும்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டுபவரிடம் வேலை பழகப் போனவர். பெரிய கணிதம் படித்தவர் இல்லை. 1856 இல், அறுபத்து நாலு வயதில், ஞாபக மறதி தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் தங்கத்தைக் கையில் எடுத்தார். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒளியைப் பற்றி: ஒளியின் அலையை விட மிகச் சிறிய பொருளின்மேல் ஒளி பட்டால் என்ன நடக்கும்?

மெல்லிய தங்கத் தகடுகளைச் செய்து, கழுவி, பார்த்துக்கொண்டிருந்தபோது சிவப்பு நிறத் திரவம் கண்ணில் பட்டது. பிறகு தங்கக் குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசால் தாழ்த்தி அதையே வேண்டுமென்று செய்தார். பார்வைக்குத் தெளிந்த கரைசல். ஆனால் வில்லையால் குவித்த ஒளிக்கதிரை உள்ளே விட்டால் அதன் பாதை கூம்பாகத் தெரிந்தது. உண்மையான கரைசலில் அப்படித் தெரியாது. ஆகவே உள்ளே திண்மத் துணிக்கைகள் மிதக்கின்றன, அவை தங்கமேதான் என்று முடிவு கட்டினார். அவரிடம் இருந்த எந்த நுணுக்குக்காட்டியாலும் அவற்றைக் காண ஏலாது.

இந்தத் திரவத்துக்கு உப்பைப் போட்டுப் பார்த்தவரும் அவர்தான். சிவப்பு நீலமானது. தங்கம் வேறு ஏதாவதாக மாறிவிட்டது என்று அவர் எண்ணவில்லை. துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன, அதனால் நிறம் மாறுகிறது என்று எழுதினார். ஜெலற்றின் போன்ற கூழ்ப்பொருள் கொஞ்சம் சேர்த்தால் உப்பிலிருந்து தங்கம் தப்பிக்கொள்வதையும் கவனித்தார். 1857 பெப்ரவரி 5 அன்று லண்டன் றோயல் சொசைற்றியில் இதை விரிவுரையாக வாசித்தார். எங்கள் அபிப்பிராயத்தில் பரடேயின் வேலைகளிலேயே ஆகக் குறைவாகப் பேசப்படுகிற, ஆனால் ஆகத் துணிச்சலான வேலை இது. காணாத ஒன்றின் அளவையும் நடத்தையையும் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறார். உப்பு ஏன் அதைச் செய்கிறது என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குத் தேவையான அயன் என்ற கருத்தே அப்போது அரைகுறையாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் அயன் என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டவரே பரடேதான்.

சில வருடங்களுக்கு முன்னரே இத்தாலியில் பிரான்செஸ்கோ செல்மி, வெள்ளிக் குளோரைட்டு, கந்தகம் போன்றவை இப்படிப் பொய்யாகக் கரைந்து நிற்பதையும் உப்பு அவற்றை வீழ்த்துவதையும் எழுதியிருந்தார். 1861 இல் தோமஸ் கிரகாம் இந்த வகைக்குப் பசை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கொலொய்ட் என்று பெயர் வைத்தார். தமிழில் கூழ்மம் என்கிறோம். பெயர் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை.

ஏற்றம் என்ற துப்பு

முதல் உருப்படியான துப்பு ஜேர்மனியில் இருந்து வந்தது. 1882 இல் ஹான்ஸ் ஷுல்ட்சே, ஆசனிக்கு சல்பைட்டின் மஞ்சள் கூழ்மத்தில் ஒவ்வோர் உப்பாகப் போட்டு, வீழ்த்துவதற்கு எவ்வளவு தேவை என்று பார்த்தார். எந்த உப்பு என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. உப்பில் உள்ள உலோக அயன் எத்தனை ஏற்றம் சுமக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பிற்காலப் பாடநூல்களில் வருகிற அளவுகளைப் பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். அதே ஆசனிக்கு சல்பைட்டை வீழ்த்த, ஓர் ஏற்றமுள்ள சோடியத்தின் குளோரைட்டு என்றால் லீற்றருக்கு 51 மில்லிமோல் வேண்டும். சுமார் 3 கிராம். பொற்றாசியம் குளோரைட்டு என்றாலும் கிட்டத்தட்ட அதேதான், 49.5. இரண்டு ஏற்றமுள்ள கல்சியத்துக்குப் போனால் 0.65 மில்லிமோல் போதும். மூன்று ஏற்றமுள்ள அலுமினியத்துக்கு 0.093. சோடியத்தில் இருந்து அலுமினியத்துக்கு ஏற்றம் மூன்று மடங்குதான் கூடியிருக்கிறது. தேவையான அளவோ ஐந்நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது!

கலங்கல் தண்ணீருக்குச் சீனக்காரம் போட்டுத் தெளியவைக்கிற பழக்கம் எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. படிகாரம் என்றாலும் அதுதான். அதன் உயிரே அந்த மூன்று ஏற்ற அலுமினியம். தண்ணீருக்குள் போனதும் அது ஐதரொட்சைட்டுப் பஞ்சாகவும் மாறிச் சேற்றை வாரிக்கொண்டு இறங்குகிறது, ஆகவே ஷுல்ட்சேயின் விதி மட்டும் அங்கே வேலை செய்யவில்லை. தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துத் தெளியவைப்பது இன்னொரு கதை. அங்கே வேலை செய்வது உப்பில்லை, கொட்டையில் இருக்கிற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்.

1899, 1900 ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட் ஹார்டி இதை முழுமையாக்கினார். அவர் உயிரியலாளர். உயிர்க் கலத்துக்குள் இருக்கும் கூழ் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவரது கவலை. முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் ஐதாக்கிக் கொதிக்கவைத்தார். பால் போன்ற, நீலம் கலந்த மங்கல் திரவம் வந்தது. அதற்குள் மின்னைச் செலுத்தினார். திரவத்தில் காரம் கொஞ்சம் இருந்தால் துணிக்கைகள் நேர் முனைக்கு ஓடின. அமிலம் கொஞ்சம் இருந்தால் மறை முனைக்கு ஓடின. அதாவது அதே துணிக்கை சூழலுக்கு ஏற்ப மறை ஏற்றமோ நேர் ஏற்றமோ கொள்கிறது. எந்தப் பக்கமும் ஓடாத ஓரிடமும் நடுவில் இருந்தது. அந்த இடத்தில் கூழ்மம் நிற்கவே மாட்டேன் என்றது. துணிக்கை மறையாக இருந்தால் உப்பின் நேர் அயன்தான் அதை வீழ்த்துகிறது, துணிக்கை நேராக இருந்தால் மறை அயன்தான் வீழ்த்துகிறது என்பதும் தெளிவானது.

இதற்குப் பிறகு ஷுல்ட்சே-ஹார்டி விதி என்று பெயர் வந்தது. விதி என்றால் என்ன நடக்கும் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

இரத்தினச் சிவப்பில் ஒரு நோய்க்குறி

ஒஸ்திரியரான ரிச்சர்ட் சிக்மொண்டி யேனா நகரில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். சிவப்புக் கண்ணாடிக்குள் தங்கம் எப்படி இருக்கிறது என்று தேடப்போய், 1898 இல் சிவப்புத் தங்கத் திரவத்தைத் தானே செய்தார். பரடே நாற்பது வருடம் முன்னரே அதைச் செய்திருந்தது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கனக்கச் சிரமம் மிஞ்சியிருக்கும். பிறகு சீடென்டொப்ஃப் என்பவரோடு சேர்ந்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி ஒவ்வொரு தங்கத் துணிக்கையையும் ஒளிப்புள்ளியாகக் காணும் மீநுணுக்குக்காட்டியைச் செய்தார். பரடே ஊகித்த துணிக்கைகளை ஆட்கள் முதன்முதலாகக் கண்ணால் கண்டது இப்படித்தான். 1925 க்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குப் போனது.

எங்களுக்கு அவரில் பிடித்தது அதைவிடச் சின்ன விசயம். 1901 இல் அவர் பொன்னெண் என்று ஒன்றை வரையறுத்தார். 10 மில்லிலீற்றர் சிவப்புத் தங்கத் திரவத்தில் 1 மில்லிலீற்றர் 10 சதவீத உப்புக்கரைசலை விட்டால் அது ஊதாவாகும். ஊதாவாகாமல் காப்பாற்ற, காக்கும் பொருள் எத்தனை மில்லிகிராம் வேண்டுமோ அதுதான் அதன் பொன்னெண். ஜெலற்றினுக்கு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கே போதும். உப்பின் வாசல் இப்போது ஓர் அளவுகோலாக ஆகிவிட்டது.

அந்த அளவுகோலை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனவர் பேர்லினில் இருந்த கார்ல் லாங்கே. 1912 இல் அவர் நோயாளியின் முள்ளந்தண்டுத் திரவத்தை உப்புநீரில் படிப்படியாக ஐதாக்கி, ஒவ்வொரு குழாயிலும் சிவப்புத் தங்கத்தை விட்டுப் பார்த்தார். சிபிலிஸ் மூளைக்குள் பரவியிருந்தால் திரவத்தில் உள்ள புரதங்களின் கலவை மாறியிருக்கும். சில குழாய்களில் தங்கம் சரியும். சிவப்புக்கு 0, நிறமே போய்விட்டால் 5 என்று எண்ணிட்டு, அந்த எண் வரிசையைப் பார்த்து வைத்தியர்கள் நோயைச் சொன்னார்கள். பல பத்தாண்டுகள் இந்தச் சோதனை புழக்கத்தில் இருந்தது. ஏன் சரிகிறது என்று உறுதியாக ஒருவருக்கும் தெரியாமலே இத்தனையும் நடந்தது. இன்றைக்கும் பட்டிப் பரிசோதனைக்கான தங்கத்தில் புரதம் பூசும்போது, பூச்சு போதுமா என்று பார்க்க உப்பு விட்டுச் சோதிக்கிறார்கள். சிவப்பு நின்றால் சரி.

தள்ளுவது யார், இழுப்பது யார்?

துணிக்கைகள் எல்லாம் ஒரே வகை ஏற்றம் சுமப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, உப்பு அந்த ஏற்றத்தை அழித்துவிடுகிறது, அதனால் ஒட்டிக்கொள்கின்றன. இப்படித்தான் முதலில் நினைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்லித்தந்தார்கள். பாதிதான் சரி.

1910 இல் பிரான்சில் லூயி ஜோர்ஜ் கூயியும் 1913 இல் இங்கிலாந்தில் டேவிட் சாப்மனும் வேறு படம் ஒன்றைத் தந்தார்கள். நல்லூர்த் தேரை யோசியுங்கோ. தேரைச் சுற்றிச் சனம். கிட்ட நெருக்கமாகவும், தள்ளிப்போகப் போக ஐதாகவும் நிற்கும். மறை ஏற்றமுள்ள துணிக்கையைச் சுற்றி நேர் அயன்கள் அப்படித்தான் முகிலாக நிற்கின்றன. இரண்டு துணிக்கைகள் கிட்ட வந்தால் முதலில் முட்டுவது இந்த முகில்கள்தான். முகில்கள் ஒன்றுக்குள் ஒன்று நெருக்கப்படும்போது எழும் அமுக்கம் துணிக்கைகளைத் தள்ளிவிடுகிறது.

உப்பைக் கூட்டினால் என்ன நடக்கும்? துணிக்கையின் ஏற்றத்தை மறைக்க அயன்கள் பக்கத்திலேயே தாராளமாகக் கிடைப்பதால் முகில் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதை 1923 இல் டெபையும் ஹுக்கெலும் தந்த நீளத்தால் கணிக்கலாம். லீற்றருக்கு 0.001 மோல் கறியுப்பு உள்ள தண்ணீரில் முகிலின் தடிப்பு சுமார் 10 நானோமீற்றர். 0.1 மோல் என்றால் 1 நானோமீற்றர். கடல்நீரில் அரை நானோமீற்றரும் இல்லை. ஓரிரு நீர் மூலக்கூறுகளின் தடிப்புத்தான். ஆகவே உப்பு செய்கிற முக்கியமான வேலை ஏற்றத்தை அழிப்பதில்லை, முகிலை ஒடுக்குவது.

சரி, தள்ளுவது விளங்கிவிட்டது. தள்ளுவது குறைந்தால் துணிக்கைகள் சும்மா மோதிவிட்டுப் போகலாமே, ஏன் ஒட்ட வேண்டும்? இழுப்பது எது?

1930 இல் பேர்லினில் ஃபிரிட்ஸ் லண்டன், ஏற்றமே இல்லாத அணுக்களும் ஒன்றையொன்று மெல்ல இழுப்பதைக் குவாண்டம் கணக்கால் காட்டினார். (யூதரான அவர் 1933 இல் ஜேர்மனியை விட்டே போகவேண்டி வந்தது.) ஆனால் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள அந்த இழுவை மிகக் குறுகிய தூரத்துக்குள் செத்துப்போகும். 40 நானோமீற்றர் தங்கத் துணிக்கையிலோ கிட்டத்தட்ட இருபது லட்சம் அணுக்கள். இந்தத் துணிக்கையின் ஒவ்வோர் அணுவும் அந்தத் துணிக்கையின் ஒவ்வோர் அணுவையும் இழுப்பதாக எடுத்து எல்லாவற்றையும் கூட்டினால்? 1937 இல் ஹமாக்கர் என்ற டச்சுக்காரர் கூட்டினார். இழுவை துணிக்கையின் அளவுக்கே நீண்டது. அவர் வேலைசெய்தது எய்ந்தோவன் நகரில் இருந்த பிலிப்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில். குமிழும் வானொலி வால்வும் செய்கிற கம்பனிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். வால்வுக்குள் இருக்கும் கம்பிகளுக்குக் காவற்பூச்சுப் பூச, தூள் மிதக்கும் திரவத்தில் கம்பியை வைத்து மின் செலுத்துவார்கள். தூள் திரண்டுவிட்டால் பூச்சுப் பழுது.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் இர்விங் லங்முயிர், இழுவைக்கென்று தனி விசையே வேண்டாம், அயன்களின் மின்விசைகளே போதும் என்று 1938 இல் வாதிட்டார். பெரிய பெயர், அழகான வாதம். பிழை.

மொஸ்கோவும் எய்ந்தோவனும்

போரிஸ் தெர்யாகின் மொஸ்கோவில் மெல்லிய நீர்ப்படலங்களை ஆராய்ந்தவர். படலத்தின் இரு பக்கமும் உள்ள பரப்புகள் ஒன்றையொன்று தள்ளுவதை 1930களிலேயே அளந்துகொண்டிருந்தார். அவரோடு சேர்ந்த லெவ் லண்டாவ் அப்போதுதான் சிறையில் இருந்து வந்திருந்தார். ஸ்டாலினுக்கு எதிரான துண்டுப்பிரசுரம் ஒன்றோடு தொடர்புபடுத்தி 1938 ஏப்ரலில் லண்டாவைப் பிடித்தார்கள். சரியாக ஒரு வருடம் உள்ளே. பௌதிகவியலாளர் கபிட்சா அரசின் உச்சிக்கே கடிதம் எழுதி, தானே பொறுப்பு என்று சொல்லி 1939 ஏப்ரலில் வெளியே எடுத்தார். வெளியே வந்த மனிதர் திரவ ஹீலியத்தின் கோட்பாட்டை எழுதினார். 1962 இல் அதற்குத்தான் நோபல். அதே காலத்தில் தெர்யாகினோடு சேர்ந்து இந்த உப்புக் கணக்கையும் எழுதினார்.

கணக்கின் சாரம் இதுதான். இழுவையையும் தள்ளலையும் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். இழுவைக்கு உப்பைப் பற்றிக் கவலையில்லை. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அது ஏறத்தாழ அப்படியே இருக்கும். தள்ளல் மட்டும் உப்போடு சுருங்கும். உப்புக் குறைவாக இருக்கையில், இரண்டு துணிக்கைகளுக்கு இடையே சக்தி மேடு ஒன்று எழும்பி நிற்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆழக் கிணறு. மேட்டைத் தாண்டிக் கிணற்றுக்குள் விழுந்த சோடி திரும்ப ஏறாது. மேட்டின் உயரம் வெப்ப அசைவின் சக்தியைப் போல இருபது மடங்கு இருந்தால், கோடிக்கணக்கான மோதல்களில் ஒன்றுதான் தாண்டும்; திரவம் மாதக்கணக்கில் நிற்கலாம். உப்பைக் கூட்டக் கூட்ட மேடு தாழும். மேடு நேர்விகிதத்தில் தாழ்ந்தாலும் தாண்டும் வாய்ப்பு அடுக்குமுறையில் எகிறும். மேடு பூச்சியத்தைத் தொட்ட இடத்தில் ஒவ்வொரு மோதலும் ஒட்டும். அதுதான் வாசல். பரடே கண்ட திடீர்ச் சரிவுக்கு விளக்கம் இவ்வளவுதான்.

மேடு இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாகத் திரளும் என்ற கணக்கை மரியன் ஸ்மொலுகோவ்ஸ்கி 1917 இலேயே முடித்துவைத்திருந்தார். அதே வருடம் வயிற்றுளைவு நோயில் இறந்துபோனார். அவருக்கு வயது 45.

தெர்யாகின்-லண்டாவ் கட்டுரை 1941 இல் சோவியத் சஞ்சிகை ஒன்றில் ஆங்கிலத்திலேயே வந்தது. அதே வருடம் ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத்துக்குள் நுழைந்தது. லண்டாவ் வேலைசெய்த நிறுவனம் கசான் நகருக்கு இடம்பெயர்ந்தது. கட்டுரை ஐரோப்பாவின் மற்ற முனைக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த மற்ற முனையில் எய்ந்தோவன். 1940 மே மாதத்தில் இருந்து நெதர்லாந்து ஜேர்மன் பிடியில். பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் எவர்ட் வெர்வேயும், 1941 இல் அங்கே சேர்ந்த தியோடோர் ஓவர்பேக்கும் ஹமாக்கரின் இழுவையை வைத்துக்கொண்டு அதே கேள்வியைத் தொடங்கினார்கள். 1942 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, பிரித்தானிய விமானங்கள் பிலிப்ஸ் தொழிற்சாலைகளைக் குண்டுபோட்டுத் தகர்த்தன. தொழிலாளர்கள் இல்லாத நாள் என்றுதான் ஞாயிறைத் தெரிந்தார்கள்; சுற்றியிருந்த வீடுகளில் சனம் செத்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் ஒழுங்காக வராத அந்த வருடங்களில் தாளையும் பேனாவையும் வைத்து அவர்கள் இருவரும் கணக்கை முடித்தார்கள். மொஸ்கோவில் அது முன்னமே முடிந்துவிட்டது என்பது தெரியாமல்தான்.

போர் முடிந்து, 1948 இல் அவர்களது புத்தகம் வெளிவந்தது. அதற்குள் ரஷ்யர்களின் வேலையைப் பற்றி அறிந்திருந்தார்கள். டச்சுக்காரரின் புத்தகம் விரிவானது, எண்கணக்குகள் நிறைந்தது. உலகம் படித்தது அதைத்தான். ஆனால் பெயர் வைக்கும்போது வெளியான ஒழுங்கே நின்றது: தெர்யாகின், லண்டாவ், வெர்வே, ஓவர்பேக். முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எல்.வி.ஓ. கோட்பாடு. எதிரெதிர் முகாம்களாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு பக்கத்து ஆட்களின் பெயர்கள் ஒரே மூச்சில் சொல்லப்படுவது அந்தக் காலத்தில் அடிக்கடி நடக்கிற விசயமில்லை.

விதிக்கும் விடை வந்தது. ஏற்றம் கூடிய துணிக்கைகளுக்கு, வாசற் செறிவு அயன் ஏற்றத்தின் ஆறாம் அடுக்கால் குறையும் என்று கணக்குச் சொன்னது. இரண்டு ஏற்றத்துக்கு 64 இல் ஒரு பங்கு, மூன்று ஏற்றத்துக்கு 729 இல் ஒரு பங்கு. மேலே சொன்ன ஆசனிக்கு அளவுகளைத் திரும்பப் பாருங்கள்: கல்சியத்துக்கு 78 இல் ஒன்று, அலுமினியத்துக்கு சுமார் 550 இல் ஒன்று. அச்சொட்டாக இல்லை. பல ஏற்றமுள்ள அயன்கள் முகிலில் மட்டும் நிற்காமல் துணிக்கையிலேயே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு, அதனால் கணக்குப் பிசகும். இருந்தாலும் அறுபது வருடம் காரணமில்லாமல் கிடந்த எண்களுக்கு இந்த அளவுப் பொருத்தம் பெரிய விசயம்.

கிளைகள்

இந்தக் கணக்கு வேறெங்கோ எல்லாம் கொண்டுபோய் விட்டது. துணிக்கைகள் பெரிதாகவும் இடைவெளி கூடவாகவும் இருக்கும்போது பரிசோதனை கோட்பாட்டோடு ஒத்துவரவில்லை. இழுவை தூரத்தோடு இன்னும் வேகமாகக் குறைய வேண்டியிருந்தது. ஒளியே ஒரு துணிக்கையில் இருந்து மற்றதுக்குப் போக நேரம் எடுக்கிறதே, அதனாலோ என்று ஓவர்பேக் கேட்டார். அதே பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்த கசிமிரும் போல்டரும் அதைக் கணித்தார்கள். அதிலிருந்து கசிமிர், வெற்றிடத்தில் வைத்த இரண்டு உலோகத் தகடுகளும் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948 இல் காட்டினார். வெற்றிடத்தின் சக்தியைப் பற்றிக் கதைக்கிற ஒவ்வொரு பௌதிகவியல் வீடியோவிலும் வருகிற கசிமிர் விளைவின் தொடக்கம், தூள் மிதக்கிற ஒரு குவளை.

தெர்யாகினின் மிச்சக் கதை கொஞ்சம் சங்கடமானது. 1950களில் பரப்புகளுக்கு இடையிலான இழுவையை நேரடியாகவே அளந்து காட்டிய கெட்டிக்காரர், 1960களில் பொலிவோட்டர் என்ற புது வகைத் தண்ணீர் இருப்பதாக நம்பி வருடக்கணக்கில் வாதாடினார். மெல்லிய குழாய்களில் திரண்ட அந்தத் தடித்த திரவம், குழாயில் இருந்து கரைந்துவந்த சிலிக்காவும் உப்புகளும் கலந்த அழுக்குத் தண்ணீர்தான் என்று பிறகு தெரிந்தது. 1973 இல் அவரே ஒப்புக்கொண்டார். உலகத்தில் உப்பின் குணத்தை ஆகத் திறமாக விளங்கிக்கொண்டவர்களில் ஒருவரையே கரைந்த உப்பு ஏமாற்றியிருக்கிறது.

இலங்கையில் இந்தக் கணக்கைத் தினமும் செய்துகொண்டிருக்கிற இடம் இறப்பர்த் தோட்டம். மரத்தில் இருந்து வடியும் பால், மறை ஏற்றமுள்ள இறப்பர்த் துளிகள் மிதக்கிற கூழ்மம். அமோனியா விட்டால் ஏற்றம் காக்கப்பட்டுப் பாலாகவே நிற்கும். தட்டில் ஊற்றிப் போமிக்கமிலம் விட்டால் ஏற்றம் அணைந்து கட்டியாகும். இங்கே தாழ்வது மேட்டின் அகலம் இல்லை, மேட்டைத் தாங்கிய ஏற்றம். ஹார்டி கண்ட அந்த நடுப் புள்ளிதான். கிழக்கில், மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. எந்த ஆற்றின் வாயிலும் போல, நன்னீரில் மிதந்துவந்த களிமண் துணிக்கைகள் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் திரண்டு பாரமாகிக் கீழே இறங்கத் தொடங்குகின்றன. அதற்குக் கடல்நீரின் முழு உப்பும் தேவையில்லை, அதில் ஒரு சிறு பங்கே போதும்.

டி.எல்.வி.ஓ. எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்று சொன்னால் பொய். அந்தக் கணக்குக்கு சோடியமும் பொற்றாசியமும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஓர் ஏற்றம். ஆனால் 1888 இலேயே பிராக் நகரில் பிரான்ஸ் ஹொப்மைஸ்டர், முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்தை வீழ்த்துவதில் அயன்களுக்குள் ஏற்றத்தை மட்டும் சாராத வரிசை ஒன்று இருப்பதைக் கண்டிருந்தார். சல்பேற்று உப்புகள் இலேசாக வீழ்த்தும், குளோரைட்டுக்குக் கூட வேண்டும், அயடைட்டு அதற்கும் கீழே. அயன் எவ்வளவு பருமன், தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, பரப்பில் ஒட்ட விரும்புகிறதா என்பதெல்லாம் அதற்குள் வருகின்றன. அந்த வரிசையை முழுதாகக் கணக்கில் பிடிக்கிற சமன்பாட்டைத் தேடி இப்பவும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.